ஏழு ஆணிச் சிம்மாசனம்

பிளிமத் டாக் துறைமுகம்
1760, பிப்ரவரி 20

என் அக்காள் பெற்ற ஒரே ரத்தினம் டாம்சினுக்கு,

மாமா ஜோரம் பெங்கெல்லி எழுதுவது. இன்று முதல் உனக்கு ஒரு மாபெரும் கதையைக் கடிதம் கடிதமாக எழுதி அனுப்பப்போகிறேன். இடது கையை என் ரம்பத்தின் மேலும், வலது கையை இந்தக் கப்பலில் இருக்கும் ஒரே பைபிளின் மேலும் வைத்துச் சத்தியம் செய்கிறேன்: இதில் ஒரு சொல்லைக்கூட ஒருவரும் நம்பமாட்டார்கள். நீயும் நம்பாதே. அப்படியானால் எந்தக் கையால் எழுதுகிறீர்கள் என்று கேட்காதே. அது கடற்படை ரகசியம்.

கதையின் பெயர், மன்னரின் போர்க்கப்பல் 'வாலாட்டி'யின் வீர வரலாறு. ஸ்லூப் என்பார்கள் இந்த ஜாதிக் கப்பலை. பெரிய கப்பல்களின் பக்கத்தில் நின்றால் அவை பெற்றுப்போட்ட பிள்ளை மாதிரி இருக்கும். பதினான்கு பீரங்கி, நூற்றுப்பத்துப் பேர், ஒரு பன்றி. 1757இல் டெட்ஃபோர்டில் இதைத் தண்ணீரில் இறக்கிய அன்று தேம்ஸ் நதி இரண்டடி உயர்ந்து லண்டன் ஜனங்களின் கட்டில்கள் எல்லாம் மிதந்தன. இத்தனை சின்னக் கப்பலுக்கா என்று கேட்பாய். கப்பலுக்குள் நான் இருந்தேன். என் புகழின் கனம் அது.

அடுத்த வருடம் முப்பது வணிகக் கப்பல்களை லிஸ்பனுக்குக் காவல் காத்து அழைத்துப்போனோம். போய்ச் சேர்ந்து எண்ணினால் முப்பத்திரண்டு. வழியில் குட்டி போட்டிருக்கின்றன. அதற்கடுத்த வருடம் பாலாடைக்கட்டி ஏற்றிவந்த ஒரு பிரெஞ்சுப் படகைச் சிறைபிடித்தோம். அந்த நாற்றம் தாங்காமல் இரண்டு நாளில் நாங்களே அதனிடம் சரணடைந்துவிட்டோம்.

இந்தக் கப்பலில் கேப்டன் மாறுவார், மாலுமி மாறுவான். தச்சன் மட்டும் இறக்கிய நாள் முதல் உடைத்து விறகாக்கும் நாள் வரை இதனுடனேயே கிடக்க வேண்டும். கல்யாணம் மாதிரிதான், ஈரம் கொஞ்சம் அதிகம். ஆகவே ராஜாவுக்குரிய வசதிகளை நானே செய்துகொள்கிறேன். பீரங்கிக் குண்டு பட்டு அடியில் ஓட்டை விழுந்தால் அடைப்பதற்குக் கூம்புக் கட்டைகள் அளவு வாரியாக என்னிடம் இருக்கின்றன அல்லவா? அதில் மிகப் பெரியதைத் தலைகீழாகத் திருப்பி, என் அறைத் தரையில் ஏழு ஆணி அடித்து, மேலே மெத்தை போட்டுச் சிம்மாசனம் ஆக்கிவிட்டேன். அவ்வளவு பெரிய குண்டு எறிகிறவன் இந்தக் கொசுவின் மேல் எறிந்து வீணாக்கமாட்டான். இதை எழுதுவதும் அதன் மேல் அமர்ந்துதான்.

உன் புருஷன் டிக்கரி சுகம். என் கையாளாகச் சேர்ந்து ஒரு மாதத்தில் உளி பிடிக்கக் கற்றுவிட்டான், மூன்று விரலோடு. (பத்தும் இருக்கின்றன. பதறாதே.) சிம்மாசனத்தைப் பார்த்துவிட்டு, "மாமா, சண்டை வந்தா இத எப்படிப் பிடுங்குவீங்க?" என்றான். "டேய், சண்டை வந்தா முதல்ல நான் உன்னப் பிடுங்கி ஓட்டையில சொருகுவேன்" என்றேன். நாள் முழுக்கச் சிரித்தான்.

உன் கல்யாண விருந்தில் சொன்னதை மறக்கவில்லை. இரண்டாவது மத்தி மீன் பருவம் முடிவதற்குள் அவனை என் சட்டைப்பையில் போட்டுக் கொண்டுவந்து உன் வாசலில் உதறுவேன். கீழே இருக்கும் மீன் அவன் கைப்பட வரைந்தது. எழுதத் தெரியாதவனுக்கு இதுதான் கையெழுத்தாம். இரண்டே கோடு. கண் வைக்கக்கூடச் சோம்பேறி.

இப்படிக்கு,
ஓட்டைகளின் எமன், ஓக் மரங்களின் மாமன்னன்,
ஜோரம் மாமா

•

போல்பெரோ
1760, மார்ச் 18

மாமாவுக்கு டாம்சின் எழுதிக்கொண்டது.

நீங்களும் அவரும் சுகமா? நானும் சுகம். கடிதம் வந்தது. மீன் கடைத்தெருவில் உரக்கப் படித்துக் காட்டினேன், எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்த பிறகு கோபம் வந்தது.

மாமா, உங்கள் பேச்சைக் கேட்டுத்தானே அவர் போனார்? கடற்படைக்கு வலுக்கட்டாயமாக ஆள்பிடிக்கும் கும்பல் வந்தால் அவனைப் பெரிய கப்பலுக்கு இழுத்துப்போய்விடும், என்னோடு வந்தால் தச்சுவேலை, நிழலில் இருப்பான், வருடா வருடம் வீட்டுக்கு வருவான் என்று விருந்தில் நின்று சொன்னீர்கள். அவர் உங்கள் வாயைப் பார்த்துக்கொண்டே இருந்தார். எனக்குக் கல்யாணமாகி எட்டே வாரம். கும்பல் வந்தது உண்மை, மூன்று பேரைப் பிடித்ததும் உண்மை. ஆனால் மேட்டிலிருந்து மத்திக் கூட்டம் பார்த்துக் கூவுகிறவரின் மகன் மலைப்பொந்தில் ஒளிந்திருந்தான், இன்று வீட்டில் இருக்கிறான். பொந்து எங்களுக்கும் தெரியும்.

நீலக் கம்பளிச் சட்டை ஒன்று பின்னிக் கொடுத்தனுப்புகிறேன். இடது மணிக்கட்டில் நூல் போதவில்லை. வேறு வழியில்லாமல் என் சிவப்புக் காலுறையைப் பிரித்துப் பின்னி முடித்தேன். ஒரு காலுறையோடு நான் நடப்பதை ஊரே பார்க்கிறது. சட்டையைப் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள், விசேஷத்துக்கு என்று மடித்து வைத்துவிடுவார். அவர் குணம் அது.

ஞாயிறு தோறும் பாதிரியார் கடலில் இருக்கிறவர்களின் பெயர்களை ஜெபத்தில் வாசிக்கிறார். 'டிக்கரி ரூஸ்' வரும்போது தொண்டையைக் கனைக்கிறார். அது மட்டும் பிடிக்கவில்லை.

உங்கள் பை ஓட்டையில்லாத பைதானே மாமா?

டாம்சின்

•

உஷாந்த் தீவுக்கு மேற்கே, கடலில்
1760, ஜூலை 2

அருமை டாம்சின்,

எழுத்து கோணலாக இருந்தால் கடலைத் திட்டு. வீர வரலாற்றின் பொன்னேடு இது. முன்பே சொன்னேன், நம்பாதே.

போன வாரம் பிரெஞ்சுக்காரன் ஒருவன் எதிர்ப்பட்டான். அவன் கப்பல் எவ்வளவு பெரியது என்றால், முன்பக்கத்தில் மழை பெய்கையில் பின்பக்கத்தில் துணி காயப்போட்டிருந்தார்கள். அவன் எறிந்த ஒரு குண்டு எங்கள் பக்கவாட்டில், தண்ணீர் மட்டத்துக்குக் கீழே, தேவாலயக் கதவளவு ஓட்டை போட்டது. கட்டை எங்கே என்று தேடினால், நம் பன்றி அதைத் தின்றுகொண்டிருந்தது. அது வாந்தி எடுக்கும்வரை என்ன செய்வது? உன் டிக்கரி அந்த ஓட்டையில் முதுகைக் கொடுத்துச் சப்பணமிட்டு உட்கார்ந்துவிட்டான். கடல் வெளியே நின்று கதவைத் தட்டியது. இவன் திறக்கவில்லை. மூன்று மணி நேரம்! ஒரு கையால் ரொட்டி தின்றான், இன்னொரு கையால் சட்டைக்குள் நுழைந்த அயிலை மீன்களைப் பிடித்துச் சமையற்காரனிடம் எறிந்தான். "மாமா, சீக்கிரம், மீன் கூசுது" என்று கத்தினான். அதைக் கேட்டு நாங்கள் சிரித்த சிரிப்பில் பிரெஞ்சுக்காரன் பயந்து ஓடியே போனான்.

அவன் சுகம். வேலை அதிகம், அதனால் தனியாகச் செய்தி சொல்ல நேரமில்லையாம். மீன் கீழே இருக்கிறது.

ஜோரம் மாமா

•

போல்பெரோ
1760, ஆகஸ்ட் 25

மாமாவுக்கு,

ஓட்டைக் கதையை ஊர் முழுக்கத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்கிறார்கள். அவருக்கு 'அடைப்பான்' என்று பட்டப்பெயர் வைத்தாயிற்று. கூவுகிறவர் மேட்டிலிருந்து, "ஏ டாம்சின்! உன் அடைப்பான் எப்ப வர்றான்? என் படகு ஒழுகுது!" என்று தினமும் கத்துகிறார். மத்தி இந்த வருடம் ஏராளம். கை முழுக்க உப்புப் புண்.

மீன் இந்தத் தடவை அழகாக இருந்தது. செதில், துடுப்பு, கண், சிரித்த வாய் எல்லாம் இருந்தன. வரையக் கற்றுக்கொண்டார் போலிருக்கிறது.

ஒன்று கேட்டுச் சொல்லுங்கள். புறப்பட்ட அன்று அவசரத்தில் ஒரு பொருளை வீட்டில் மறந்துவிட்டுப் போனார். அது என்ன என்று அவர் வாயால் கேட்டு எழுதுங்கள். சும்மாதான் கேட்கிறேன்.

டாம்சின்

•

போர்ட் ராயல், ஜமைக்கா
1761, மே 9

அருமை டாம்சின்,

'வாலாட்டி'யை உலகத்தின் இந்த மூலைக்கு அனுப்பிவிட்டார்கள். இங்கே வெயிலில் நிழலுக்கே வியர்க்கிறது. வரும் வழியில் புயல் எங்களைத் தூக்கி ஒரு மலையுச்சியில் வைத்தது. பதினோரு நாள் ஆட்டு மந்தைக்கு நடுவில் கொடி பறக்க நின்றோம். ஆடுகள் சரணடைந்தன. பிறகு கப்பலின் அடிப்பலகையைப் புழு தின்ன ஆரம்பித்தது. ராத்திரி பகல் அவை மெல்லும் சத்தத்தில் கேப்டனால் பேசமுடியவில்லை. இப்போது கப்பலைப் புழுக்கள்தான் கைகோத்துப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. அவை கையை விட்டால் நாங்கள் போச்சு.

டிக்கரி ஒரு திமிங்கிலத்துடன் சீட்டாடி ஜெயித்து அதைக் கப்பலுக்கு இழுவை மாடாகக் கட்டியிருக்கிறான். நீ கேட்டதைக் கேட்டேன். "என் இதயத்தைத்தான் மாமா மறந்து வெச்சிட்டு வந்தேன்" என்றான். பார், கடல் அவனைக் கவிஞனாக்கிவிட்டது.

இரண்டாவது மத்திப் பருவத்துக்கு வரமுடியாது. மேலிட உத்தரவு. என் பையில் பத்திரமாக இருக்கிறான்.

ஜோரம் மாமா

•

போல்பெரோ
1761, அக்டோபர் 30

மாமாவுக்கு,

இதயம் என்று சொன்னாரா? சரி.

மீன் தலையில் கிரீடம் இருந்தது. பார்த்தேன்.

இன்னும் எழுதுங்கள் மாமா. திமிங்கிலத்துக்கு அப்புறம் என்ன ஆயிற்று?

டாம்சின்

•

போல்பெரோ
1763, ஏப்ரல் 12

மாமாவுக்கு,

சண்டை முடிந்துவிட்டது என்று தேவாலய மணி அடித்தார்கள். 'வாலாட்டி' பிளிமத் டாக்குக்கு வந்துவிட்டதாகவும், ஆட்களை இறக்கிவிடப்போவதாகவும் மீன் வண்டிக்காரர் சொன்னார். கும்பல் பிடித்துப்போன மூன்று பேரில் இரண்டு பேர் வந்துவிட்டார்கள்.

திங்கட்கிழமை நானே வருகிறேன். குங்குமப்பூ ரொட்டி சுட்டுக் கொண்டுவருகிறேன். நீங்கள் எதையும் உதற வேண்டாம், நானே பையில் கைவிட்டு எடுத்துக்கொள்கிறேன்.

டாம்சின்

•

பிளிமத் டாக்
1763, ஏப்ரல் 15

டாம்சின்,

வராதே. அவசரம், அதனால் சுருக்கமாக எழுதுகிறேன். உனக்குத் தெரிந்த வழக்கம்தான். ஒரு கப்பல் கலைந்தால் நல்ல வேலையாட்களைக் கரையில் கால் வைக்கவிடாமல் படகில் ஏற்றி அடுத்த கப்பலுக்கு மாற்றிவிடுவார்கள். டிக்கரியை அப்படியே இந்தியா போகிற கப்பலுக்கு மாற்றிவிட்டார்கள். தச்சர்களில் அவன் முத்து, அதனால் அவனைப் பிடித்துக்கொண்டார்கள். நான் கத்தினேன், மேல்தளத்தில் புரண்டேன், கேப்டனின் காலைக் கடித்தேன். பயனில்லை. நேற்றுக் காலைக் காற்றில் போய்விட்டான். ஐந்து வருடம் ஆகலாம். அதற்கு மேலும் ஆகலாம்.

ரொட்டியை நீயே சாப்பிடு.

மாமா

•

போல்பெரோ
1763, ஜூன் 6

மாமாவுக்கு,

நேற்று ஊசி நூல், பீங்கான் விற்கிற ஒருவர் தள்ளுவண்டியோடு எங்கள் இறக்கத்தில் வந்தார். பெயர் ஓபதையா. மன்னரின் கப்பல்களில் இருந்தவராம். வெயிலில் வந்திருந்தார், ஆப்பிள் மது கொடுத்தேன். வாங்க நீட்டிய கையில் நீலச் சட்டை. மணிக்கட்டில் சிவப்பு.

"அண்ணே, இந்தச் சட்டை எங்க வாங்குனது?" என்று கேட்டேன்.

"வாங்குனதில்லம்மா. 'வாலாட்டி'ல இருந்தப்ப பாய்மரத்தடி ஏலத்துல எடுத்தேன். மூணு வருசமா உழைக்குது. நல்ல கை பின்னியிருக்கு."

பாய்மரத்தடி ஏலத்தில் யாருடைய துணியை விடுவார்கள் என்று எங்கள் ஊரில் நடக்கத் தெரியாத குழந்தைக்கும் தெரியும். இருந்தாலும் கேட்டேன். "ஓடிப்போனவன் சட்டையா, செத்தவன் சட்டையா?"

"செத்தவன்தான் தாயி. உஷாந்த் சண்டைக்கு மறுநா. தச்சரோட கையாள் ஒருத்தன். எனக்குப் பழக்கமில்ல, நான் மேல பாயில இருந்தவன். ஏம்மா, தெரிஞ்சவனா?"

"எங்க ஊர்க்காரன்" என்றேன். இன்னும் கொஞ்சம் மது ஊற்றினேன். கழற்றிக் கொடுக்கிறேன் என்றார். வேண்டாம் என்றேன். அவருக்கு அளவாக இருந்தது.

அப்படியானால் ஜமைக்காவில் திமிங்கிலத்துடன் சீட்டாடியது யார் மாமா?

உங்களைத் திட்டுவதற்காக எழுதவில்லை. மீனுக்குச் செதில் முளைத்த அன்றே எனக்குத் தெரியும். அவர் மறந்து வைத்துவிட்டுப் போனது அவருடைய புகைக்குழாய். அது அடுப்படிப் பலகையில் இருக்கிறது. இதயம் என்கிற சொல்லை அவர் மீனுக்கு மட்டும்தான் சொல்வார், குடல் எடுக்கும்போது. தெரிந்தும் நான் கேட்கவில்லை. கேட்டால் நீங்கள் நிஜத்தைச் சொல்லிவிடுவீர்களோ என்று பயம். நீங்கள் எழுதுகிறவரை அவர் எங்கேயோ மலையுச்சியில் ஆடுகளோடு நின்றுகொண்டிருந்தார்.

சட்டை தெருவில் நடந்து வந்த பிறகு அது முடியவில்லை.

ஒரே ஒரு கடிதம் எழுதுங்கள். பன்றி வேண்டாம், புழு வேண்டாம். மூன்று வருடமாக ஞாயிறு தோறும் பாதிரியார் அவர் பெயரைக் கடலில் இருப்பவர்களோடு வாசிக்கிறார், நான் ஆமென் சொல்கிறேன். இனிமேல் வாசிக்கலாமா, வேண்டாமா? அவர் எப்படிப் போனார்? பதிலைப் பார்க்கும்வரை ஜெபத்துக்குப் போகமாட்டேன்.

டாம்சின்

•

பிளிமத் டாக்
1763, ஜூன் 14

டாம்சின்,

வாசிக்க வேண்டாம் என்று சொல்.

'வாலாட்டி'யை உடைக்கிறார்கள். கடலுக்கு உதவாது என்று எழுதிவிட்டார்கள். ஆறு வருடச் சேவை. எதிர்க் கப்பல் ஒன்றைக்கூட மூழ்கடிக்கவில்லை. இரண்டு கடலைக் கடந்தது, காய்ச்சலில் நாற்பது பேரைப் புதைத்தது, வீடு வந்தது. வீர வரலாறு அவ்வளவுதான். மேல்தளத்தைப் பிரித்துவிட்டார்கள், வெயில் நேராக என் அறைக்குள் விழுகிறது. வழக்கப்படி நான் மட்டும் உள்ளே இருக்கிறேன்.

சண்டையன்று காலையில் அவன் உன் சட்டையைக் கழற்றி மடித்துப் பெட்டியில் வைத்தான். "புகை பட்டா அவ திட்டுவா மாமா" என்றான். அதனால்தான் அது கிழியாமல் ஏலத்துக்கு வந்தது. ஏலத்தின் போது நான் அடியில் ஓட்டைக்குத் தார் பூசிக்கொண்டிருந்தேன். ஏறி வருவதற்குள் முடிந்துவிட்டது. யார் எடுத்தது என்று நான் யாரிடமும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

குண்டு நிஜம். பெரிய குண்டு, பெரிய ஓட்டை. அதற்குச் சரியான கட்டை இந்தக் கப்பலில் ஒன்றுதான் இருந்தது. அதை நான் தரையில் ஏழு ஆணி அடித்து வைத்திருந்தேன். பன்றி தின்னவில்லை டாம்சின். அந்தப் பன்றியை நாங்கள் அதற்கு இரண்டு மாதம் முன்பே தின்றுவிட்டோம்.

தண்ணீர் இடுப்பளவு வந்தது. சின்னக் கட்டைகளை வைத்துப் பார்த்தோம், நிற்கவில்லை. அவன் ஓட்டையில் முதுகைக் கொடுத்து, எதிர்த் தூணில் காலை உதைத்துக்கொண்டு உட்கார்ந்தான். நான் அறைக்கு ஓடி ஆணி பிடுங்கினேன். நல்ல ஓக் மரம், நல்ல ஆணி, நன்றாக அடித்திருந்தேன். ஓட்டையின் ஓரமெல்லாம் சிம்பு சிம்பாகக் கிழிந்த மரம், உள்நோக்கி ஈட்டி மாதிரி. அதில்தான் அவன் முதுகைச் சாய்த்திருந்தான். இருட்டில் எனக்குத் தெரியவில்லை. அவன் சொல்லவும் இல்லை. ஆறு ஆணி வந்தது. ஏழாவது வரவில்லை. கடைசியில் இரண்டு சின்னக் கட்டையைச் சேர்த்துப் பாய்த்துணி சுற்றி எடுத்துப்போய், "எந்திரிடா" என்றேன். எழுந்திருக்கவில்லை.

கடலில் இறக்கினோம். அவனைச் சுற்றிய பாய்த்துணியை நான்தான் தைத்தேன்.

அதன் பிறகு அந்தச் சிம்மாசனத்தில் நான் உட்கார்ந்ததில்லை. மூன்று வருடம் அது ஒரே ஆணியில் ஆடிக்கொண்டு கிடந்தது. உனக்கு எழுதியதெல்லாம் தரையில் உட்கார்ந்து எழுதியது. நேற்று ஏழாவது ஆணியைப் பிடுங்கினேன். இரண்டு இழுப்பில் வந்துவிட்டது.

முதல் கடிதத்தில் சத்தியம் செய்தது போலவே, இத்தனை வருடம் எழுதியதில் நம்புவதற்கு ஒன்றும் கிடையாது. அயிலை பொய். ரொட்டி பொய். மூன்று மணி நேரம் பொய், அரை மணிகூட இருக்காது. மலை, ஆடு, திமிங்கிலம், இந்தியா போன கப்பல், எல்லாம் என் கைச்சரக்கு. மீன்களும் என்னுடையவைதான். முதல் மீன் மட்டும் அவனுடையது.

ஓட்டைக் கதையில் ஒரு சின்னத் துண்டு மட்டும் நான் கட்டியதல்ல. நான்காவது ஆணியில் இருந்தபோது அவன் குரல் கேட்டது. "மாமா, சீக்கிரம், மீன் கூசுது."

அதை அவன்தான் சொன்னான். நான் சிரித்தேன்.

ஜோரம்